முல்லோயாவிலிருந்து ஜொஹன்னஸ்பேர்க் எவ்வளவு தூரம்?

தென்னாபிரிக்க நிறவெறிக்கு எதிராக எம்மவர் எழுதிய கவிதைகள் கொஞ்சமல்ல. மண்டேலா சிறையிலிருந்த காலத்திலும் சரி, 1990 பெப்ரவரியில் அவர் விடுதலையாகி வந்த பின்பும் சரி, முஸ்லிம் கவிஞர்கள் கூடிய கவியரங்குகளில் அவர் பெயர் ஒலித்தது. நான் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் பயின்ற நாட்களில், அங்கு வெளிவந்த கையெழுத்துச் சஞ்சிகையிலும் ஆண்டுக்கு ஒரு மண்டேலா கவிதையாவது இடம்பெறும். இவற்றை ஒருசேர வைத்து நோக்குமிடத்து ஒரு விடயம் உறுத்துகிறது. கறுப்பும் வெள்ளையும், இரவும் விடியலும், விலங்கும் சிறைக் கம்பியும் இக்கவிதைகளில் தாராளமாக உண்டு. சம்பளம் இல்லை. தங்கச் சுரங்கம் இல்லை. கறுப்புத் தொழிலாளி எந்நேரமும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டியிருந்த 'பாஸ்' புத்தகம் இல்லை. தொழிற்சங்கம் என்ற சொல் தப்பித் தவறியும் இல்லை.

தோலின் நிறத்தின் மீதான வெறுப்பாக மட்டுமே எமது கவிதை நிறவெறியைக் கண்டது. ஆனால் தென்னாபிரிக்காவில் அது, மனிதனை அவனது ஊரிலிருந்து பெயர்த்து, உழைப்பு வேண்டிய இடத்தில் மட்டும் இருக்க அனுமதித்து, வேலை முடிந்ததும் 'நீ இந்த நாட்டவன் அல்லன்' என்று சொல்லும் ஓர் ஏற்பாடு. அதைச் சட்டம் எழுதிச் செய்தார்கள். இந்த ஏற்பாட்டைக் காணாத கண், அதே ஏற்பாடு எங்கள் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகளில் வேறு பெயரில் நடந்தபோது அதையும் காணவில்லை. பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்த கறுப்பினச் சகோதரனுக்குக் கவிதை எழுதிய நாம், ஹேவாஹெட்ட வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும் தோட்டத் தொழிலாளியைப் பற்றி எழுதியது சொற்பம். இதை எவரையும் குற்றஞ்சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. இலக்கியக் குறைபாடாகவே சொல்கிறேன்.

தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்டப் பக்கத்தை அறிந்தவர்களுக்கு லூல்கந்துர தோட்டத்தைத் தெரியாமலிராது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பதை எங்கள் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. பிள்ளைகளும் மனனம் செய்து ஒப்பிக்கிறார்கள். அதே ஹேவாஹெட்டப் பகுதியில்தான் முல்லோயா தோட்டமும் இருக்கிறது. சங்கம் அமைத்துச் சம்பள உயர்வு கேட்டு அங்கு தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். சமசமாஜக் கட்சி சார்ந்த தோட்டத் தொழிலாளர் சங்கம் அவ்வேலைநிறுத்தத்தின் பின்னால் நின்றது. விசாரணை ஆணைக்குழு அமர்ந்தபோது கொல்வின் ஆர். டி சில்வா கோவிந்தனின் குடும்பத்தின் சார்பில் தோன்றினார். இதையொட்டிய வழக்குகள் தொடர்பில் பொலிஸ் மா அதிபருடன் ஏற்பட்ட முரண்பாட்டினால் அரசாங்க சபையின் மந்திரிகள் அனைவருமே இராஜினாமாச் செய்யும் நிலை உருவானது. ஒரு கூலித் தொழிலாளியின் சாவு மந்திரி சபையையே ஆட்டியது. டெய்லரின் 19 ஏக்கரை ஒப்பிக்கும் பிள்ளைக்குக் கோவிந்தனின் பெயர் தெரியாது.

இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் மடுல்கலையில், ரெலுகஸ் தோட்டத்தில், சின்னத்துரையாகப் பயிற்சி பெற வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர், துரைமாரின் பக்கம் நிற்க மறுத்துத் தொழிலாளரின் பக்கம் வந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்தியாயாவோடு ஒரே மேடையில் நின்று பேசினார். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். உயர் நீதிமன்றம் மே மாதம் அக்கட்டளை செல்லாதென்றது. சர்வதேச ஒருமைப்பாடு என்று இன்று பெரிதாகப் பேசப்படுவது அந்நாளில் நாவலப்பிட்டி மைதானத்திலேயே நடந்தது. ஒரு வெள்ளைக்காரன் கங்காணியையும் துரையையும் பகைத்துக்கொண்டு கூலிக்காரனுக்காகப் பேசுகிறான் என்பது அன்றைய லயத்தில் எத்தகைய அதிர்வை ஏற்படுத்தியிருக்கும்! இதை நாவலாக்க இன்னொருவர் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியதில்லை.

மலையக இலக்கியத்தில் இவற்றைத் தொட்டவர்களுள் முதலில் பேசப்பட வேண்டியவர் சி.வி. வேலுப்பிள்ளை. அவர் கவிஞர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர், எல்லாவற்றுக்கும் மேலாகத் தொழிற்சங்கவாதி. அவரது நீள்கவிதை 1954இல் ஆங்கிலத்தில் வெளியானது. பின்னர் சக்தீ பாலையா அதைத் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கினார். இத்தமிழ்த் தலைப்பு பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே'யை நினைவூட்டாமல் இராது. பாரதி பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழன்ற பெண்களுக்காக அழுதார். கடல் கடந்த தொழிலாளிக்காக நவீன தமிழ்க் கவிதை எழுப்பிய முதற் குரல்களில் அது ஒன்று. ஆயினும் பாரதி அதற்கிட்ட தலைப்பில் அப்பெண்கள் ஹிந்து ஸ்திரீகளாகவே குறிக்கப்படுகிறார்கள். அத்தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களில் முஸ்லிம்களும் இருந்தனர். பாரதியின் பரிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பரிவு எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன். சி.வி. வேறொரு வாசலால் வந்தார். அவருடைய கவிதையில் செத்தவர்கள் மதத்தாலோ சாதியாலோ அடையாளம் பெறுவதில்லை. தேயிலைத் தூரின் அடியில் நினைவுக்கல்லும் ஒப்பாரியுமின்றிப் புதைந்து கிடப்பவர்கள் என்பதே அவர்களின் அடையாளம். உழைப்பே அங்கு உறவுமுறை.

அவர் ஏன் ஆங்கிலத்தில் எழுதினார் என்ற கேள்வியை எமது விமர்சகர்கள் சிலர் குறையாகவே எழுப்பியிருக்கிறார்கள். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. தேயிலையைக் குடிப்பவனும், தோட்டத்தின் பங்குகளை வைத்திருந்தவனும் ஆங்கிலம் வாசிப்பவர்கள். பிறிதொரு நாட்டின் மனசாட்சியை நோக்கிப் பேசுவதும் தொழிற்சங்கவாதியின் வேலைகளுள் ஒன்று. ஆனால் அந்த வாசகனை மனதில் வைத்ததனால் ஒரு பலவீனமும் வந்து சேர்ந்தது. கொழுந்து பறிக்கும் பெண் அக்கவிதையில் பெரும்பாலும் துயரத்தின் சித்திரமாகவே நிற்கிறாள். அவள் பேசுவதில்லை, பேரம் பேசுவதில்லை, சண்டை போடுவதில்லை. நான் கண்ட கொழுந்துக்காரப் பெண்கள் அப்படியில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் அரைக் கிலோவுக்காகக் கணக்கப்பிள்ளையோடு அவர்கள் பிடிக்கும் சண்டையைக் கேட்டவர்கள் இதை ஒப்புக்கொள்வர். மொழிபெயர்ப்பின் ஓசைக்கட்டு இச்சோகத்தை மேலும் இனிமையாக்கிவிடுகிறது. இனிமை கூடிய துயரம் வாசகனைக் கண்கலங்கச் செய்து அதோடு விட்டுவிடும்.

இந்தக் குறை 'வீடற்றவன்' நாவலில் இல்லை. தோட்டத்தில் சங்கம் வைக்க முனைந்ததற்காக வேலையையும் லயத்துக் காம்பராவையும் ஒருங்கே இழக்கும் தொழிலாளியின் கதை அது. கலையழகு என்று பார்த்தால் நாவல் பல இடங்களில் தளர்ந்தே நடக்கிறது. ஆனாலும் அதில் ஓர் அரிய அறிவு இருக்கிறது. வேலை போனால் வீடும் போய்விடும். வீடு போனால் அடுத்த தோட்டத்தில் கால் வைக்கப் பழைய தோட்டத்தின் பத்துச்சீட்டு வேண்டும். சங்கக்காரன் என்று பெயரெடுத்தவனுக்கு எந்தத் துரையும் பேர் பதியமாட்டான். ஒரு துண்டுக் காகிதம் ஒரு மனிதனின் நடமாட்டத்தை ஆளும் விதத்தை இவ்வளவு துலக்கமாகச் சொன்ன தமிழ் நாவல் வேறு எனக்குத் தெரியவில்லை. அதற்கு முந்திய தலைமுறையைக் கட்டிப்போட்ட 'துண்டு' முறை, அதாவது தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றும் முறை, 1921இல்தான் ஒழிக்கப்பட்டது.

இப்போது தென்னாபிரிக்காவின் பாஸ் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். அதை எதிர்த்து 1956 ஓகஸ்ட் 9இல் சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அணிவகுத்தார்கள். அதை எதிர்த்தவர்கள்மீதே 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில்லில் சூடு நடந்து 69 பேர் இறந்தார்கள். அச்சட்டங்கள் 1986இல்தான் நீக்கப்பட்டன. பத்துச்சீட்டும் பாஸ் புத்தகமும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது வரலாற்றுக்கு நியாயமாகாது. ஆனால் ஷார்ப்வில்லைப் பற்றிக் கவிதை எழுத விரும்பும் தமிழ்க் கவிஞனுக்கு, பாஸ் புத்தகத்தைப் புரிந்துகொள்ள மிக அண்மையில் இருந்த பொருள் பத்துச்சீட்டு. அவன் அதை எடுக்காமல் 'கறுப்பு ரோஜா' என்று எழுதினான்.

இரு நாடுகளின் சட்டங்களையும் அருகருகே வைத்தால் இன்னொன்றும் தெரியும். தென்னாபிரிக்காவில் 1950ஆம் ஆண்டின் குடிசனப் பதிவுச் சட்டம் இனத்தைப் பெயர் சொல்லிப் பிரித்தது. எங்கள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் தோட்டத் தொழிலாளி என்றோ தமிழன் என்றோ ஒரு சொல் இல்லை. தகப்பனும் பாட்டனும் பிறந்த இடம் பற்றிய அத்தாட்சியை மாத்திரம் அது கேட்டது. லயத்தில் பிறந்தவனிடம் அது எங்கிருந்து வரும்? 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. கொடக்கன்பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1953இல் அக்கவுன்சில் இச்சட்டங்கள் செல்லுபடியானவை என்று தீர்த்தது. பெயர் சொல்லாத சட்டத்தை நீதிமன்றத்தில் பிடிப்பது கடினம். பெயரைச் சொல்லும் வேலை இலக்கியத்துக்கு விடப்படுகிறது.

1952ஆம் ஆண்டை எம்மவர் ஒருமுறையாவது ஊன்றிப் பார்க்க வேண்டும். ஏப்ரல் இறுதியில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அது பல மாதங்கள் நீடித்தது. ஜூன் 26இல் தென்னாபிரிக்காவில் சட்டமறுப்பு இயக்கம் தொடங்கியது. காந்தி தென்னாபிரிக்காவில் உருவாக்கிய போர்முறை, ஒரே ஆண்டில், ஒன்றையொன்று அறியாத இரு தொழிலாளர் கூட்டங்களின் கையில் இருந்தது. அந்தப் போர்முறை உருவான காலத்திலும் 1913இல் நேட்டால் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்களுள் எங்கள் தோட்டத்து மூதாதையரைப் போலவே தமிழகத்திலிருந்து கப்பலேறியவர்களும் இருந்தனர். அங்கு சட்டமறுப்பு இயக்கத்தின் இணைச் செயலாளர்கள் வோல்டர் சிசுலுவும் யூசுப் கச்சாலியாவும். டாக்டர் யூசுப் தாதூ அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். இங்கு காங்கிரஸின் தலைவர்களுள் ஒருவர் மர்ஹூம் அப்துல் அஸீஸ்; பின்னாளில், 1950களின் நடுப்பகுதியில், தொண்டமானிடமிருந்து பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தவர். தாதூவையும் கச்சாலியாவையும் பற்றிப் பெருமிதத்தோடு பேசும் எமது கூட்டங்களில் அஸீஸின் பெயரை நான் கேட்டது அரிது. அவர் முஸ்லிம்களின் தலைவராக வரவில்லை, தொழிலாளரின் தலைவராக வந்தார் என்பதனாலா?

இவ்விடத்தில் இன்னொரு பெயரையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்த மந்திரிசபையில் தொழில், சமூகசேவை அமைச்சராக இருந்தவர் டீ.பி. ஜாயா. எமது கல்விக்கு அவர் செய்த சேவையை எவரும் மறுக்க முடியாது. ஓர் ஆசிரியனாக நானும் அவருக்குக் கடன்பட்டவன். ஆனால் அந்த ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளிக்கு எதிரான சட்டத்தின் இந்தப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் அமைச்சரும், அந்தப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் தொழிற்சங்கத் தலைவரும் நின்றார்கள். இதைவிடப் பெரிய நாடகம் எந்த நாடகாசிரியனுக்கு வாய்க்கும்? எமது மேடைக்கு இன்னும் அது வந்து சேரவில்லை.

'அது தமிழர் பிரச்சினை' என்று ஒதுங்குவோருக்கு, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரை நினைவூட்டலாம். அது இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். கண்டியிலும் கம்பளையிலும் கடை வைத்திருந்த கரையோர முஸ்லிம்களையும் அது சேர்த்தே பிடித்தது. 1915இல் கலவரக்காரர் தேடிவந்ததும் முதலில் அவர்களையே. கரையோர முஸ்லிம் வியாபாரியும் தோட்டத்துக் கூலியும் ஒரே கரையிலிருந்து வந்தவர்கள். ஒருவன் கல்லாவில் அமர்ந்தான், மற்றவன் மலையேறினான். 2018 மார்ச்சில் திகனையும் அக்குறணையும் எரிந்த நாட்களில் எமக்காகப் பிறர் எழுதமாட்டார்களா என்று நாம் ஏங்கினோம். சிங்களத்திலும் தமிழிலும் சிலர் எழுதவே செய்தார்கள். அந்த ஏக்கத்தின் சுவையை அறிந்தவர்கள் 1948இன் ஏக்கத்தையும் அறிவார்கள் என நம்ப இடமுண்டு.

அரசாங்கங்களின் நிறவெறி எதிர்ப்புக்கும் தொழிலாளரின் எதிர்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தையும் எமது கவிதை பிரித்தறியவில்லை. 1961 மார்ச்சில் இலண்டன் பொதுநலவாய மாநாட்டில், தென்னாபிரிக்கா வெளியேற நேர்ந்த அதே மாநாட்டில், எங்கள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க நிறவெறியை எதிர்த்த அணியில் இருந்தார். 1964 ஒக்டோபர் 30இல் அதே பிரதமர் சாஸ்திரியோடு ஒப்பந்தம் செய்து 975,000 மனிதர்களைக் கணக்கில் எடுத்து, 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிகுதி பிறகு என்று பிரித்தார். மிகுதி! அந்த மிகுதியின் கடைசி முடிச்சுகள் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் அவிழ்ந்தன.

தொழிலாளர் செய்தது வேறு மாதிரி. 1984இல் டப்ளின் நகரில் டன்ஸ் ஸ்டோர்ஸ் என்ற கடையில் காசாளராக இருந்த மேரி மானிங் என்ற இளம்பெண், சங்கத்தின் தீர்மானப்படி, தென்னாபிரிக்கப் பழத்துக்குப் பற்றுச்சீட்டு அடிக்க மறுத்தாள். அவளும் தோழிகளும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தெருவில் நின்றார்கள். 1987இல் அயர்லாந்து அப்பொருட்களைத் தடைசெய்தது. அதே 1984 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் ஒரு கப்பலின் தென்னாபிரிக்கச் சரக்கை 11 நாட்கள் இறக்கவில்லை. இந்தக் கடன் வீண்போகவில்லை. 2009 பெப்ரவரியிலும் 2021 மே மாதத்திலும் டேர்பன் துறைமுகத் தொழிலாளர் காஸாவுக்காக இஸ்ரேலியச் சரக்கை இறக்க மறுத்தார்கள். பலஸ்தீனைப் பற்றி எழுதும் எமது கவிஞர்கள், பாரந்தூக்கியின் பக்கத்தில் நின்று அந்தச் சரக்கு இறங்காத கப்பலைப் பற்றி ஒரு வரி எழுதினால், நூறு 'ஓ பலஸ்தீனமே'க்களை விட அது கனமாக இருக்கும். எம்.ஏ. நுஃமான் 1981இல் தந்த 'பலஸ்தீனக் கவிதைகள்' எமக்குக் கற்றுத் தந்ததும் இதைத்தான். அத்தொகுப்பின் கவிதைகளில் அடையாள அட்டையும் கல்லுடைப்பும் பிள்ளைகளின் பசியும் பெயரோடு வருகின்றன. எம்மவர் அதிலிருந்து ஆவேசத்தை எடுத்துக்கொண்டு அடையாள அட்டையை விட்டுவிட்டார்கள்.

தேயிலையும் ஒருமுறை இந்த வழியில் பயணித்தது. 1973இல் டேர்பன் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தங்களின் பின், பிரித்தானியக் கம்பனிகள் தென்னாபிரிக்காவில் கொடுத்த பஞ்சச் சம்பளத்தை 'கார்டியன்' பத்திரிகை அம்பலப்படுத்தியது. அதே ஆண்டில் பிரித்தானியத் தொலைக்காட்சி, ஒரு கோப்பைத் தேநீரின் உண்மையான விலை என்னவென்று எங்கள் தோட்டங்களின் பட்டினியைக் காட்டியது. இரு நாட்டுத் தொழிலாளரும் இலண்டனில் ஒரே ஆண்டில் ஒரே வகைக் குற்றச்சாட்டின் சாட்சிகளாக நின்றார்கள். இங்கே நாம் அதை ஓர் உவமையாகக்கூடப் பயன்படுத்தவில்லை.

எமது புனைகதைகளில் தோட்டத்து மனிதர் வருவதுண்டு. பெரும்பாலும் வீட்டு வேலைக்கு வரும் சிறுமியாக, அல்லது கடைக்கு வந்து கடன் சொல்லும் வாடிக்கையாளராக. மலையகக் கதைகளிலோ 'நானா' என்றால் கொப்பியில் கூட்டி எழுதும் கடைக்காரன். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் கல்லா மேசைக்குக் குறுக்கே மட்டும் பார்த்திருக்கிறோம். என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் பாட்டனார், தோட்டத்தில் ஓய்வு பெற்றவர், ஒருநாள் என்னிடம் சொன்னார்: "ஸ்ட்ரைக் நேரம் நானா கடையில கொப்பிய மூடல சேர். மூடியிருந்தா மூணாம் நாளே வேலைக்குப் போயிருப்போம்." எந்த வேலைநிறுத்தம், எந்தக் கடை என்று கேட்டேன். தோட்டத்தின் பெயரைச் சொன்னார். நானாவின் பெயர் அவருக்கு ஞாபகமில்லை. கொப்பியின் அட்டை சிவப்பு என்பது மட்டும் ஞாபகமிருந்தது.